மினியேச்சர்: சிற்றோவியமா, நுண்ணோவியமா?

மினியேச்சர் என்றதும் நம் காதில் முதலில் விழுவது மினிதான். மினி பஸ், மினி மீல்ஸ் என்று பழகிப்போன வாய்க்கு மினியேச்சர் ஓவியம் என்றால் சின்ன ஓவியம். அதனால்தான் தமிழிலும் சிற்றோவியம் என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் இந்தச் சொல் பிறந்த இடத்தில் சிறுமை என்ற பொருளே கிடையாது. அங்கே இருந்தது ஒரு நிறம். சிவப்பு.

லத்தீனில் மினியம் என்றால் ஈயச் செந்தூரம். ஈயத்தைக் காற்றுப்பட வறுத்தெடுத்தால் கிடைக்கும் ஆரஞ்சு கலந்த சிவப்புப் பொடி அது. ரோமானியர்கள் சாதிலிங்கம் என்ற சிவப்புக் கனிமத்தையும் இதே பெயரால் அழைத்திருக்கிறார்கள். அச்சு வருவதற்கு முன்பு ஐரோப்பாவில் கையால் நூல்களை எழுதியவர்கள் தலைப்பையும் முதலெழுத்தையும் இந்தச் சிவப்பில் தீட்டினார்கள். அந்தத் தீட்டும் வேலைக்கு மினியாரே என்று பெயர். அதிலிருந்து இத்தாலியில் மினியாத்தூரா வந்தது, அதாவது ஏட்டின் பக்கத்தில் தீட்டிய படம். ஏட்டுப் பக்கத்தில் எவ்வளவு பெரிய படம் போட்டுவிட முடியும்? படம் சிறிதாக இருந்தது, சிறியது என்று பொருள்படும் மைனர், மினிமம் ஆகிய சொற்களும் ஒலியில் பக்கத்தில் நின்றன, இரண்டும் சேர்ந்து பொருள் மெல்ல நகர்ந்துவிட்டது. கழுத்தில் மாட்டும் பதக்கத்துக்குள் வைக்கிற அளவுக்குச் சின்ன முகச்சித்திரங்கள் இங்கிலாந்தில் பிரபலமானபோது சிவப்பு மறந்தே போனது.

1615இல் இந்தியா வந்து ஜஹாங்கீர் அவையில் இருந்த ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோ, அப்படி ஒரு சிறு படத்தை மன்னரிடம் காட்டினார். ஜஹாங்கீரின் ஓவியர்கள் அதை அப்படியே படியெடுக்க, மன்னர் மூலத்தையும் படிகளையும் ஒன்றாக வைத்து எது உன்னுடையது என்று கேட்டபோது, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கண்டுபிடிக்க ரோ தடுமாறியதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். அவ்வளவு கைத்தேர்ச்சி உள்ள ஓர் ஓவிய மரபுக்குப் பின்னாளில் ஐரோப்பியர்கள் தங்கள் ஊர்ப் படத்தின் பெயரையே ஒட்டிவிட்டார்கள். முகலாயம், பாரசீகம், ராஜஸ்தானம், இமயமலைப் பகுதியின் பஹாடி எல்லாமே மினியேச்சர் ஆகிவிட்டன.

அந்தந்த ஊரில் இருந்த பெயர்களில் அளவு பற்றிய பேச்சே இல்லை. முகலாய அவையில் தஸ்வீர், அதாவது படம். ஈரானில் இன்று நிகார்கரி என்கிறார்கள். காங்ரா, பூந்தி என்று பாணியைப் பிரித்துச் சொல்ல கலம் என்ற சொல் உண்டு, காங்ரா கலம் என்பார்கள். எழுதுகோல், தூரிகை என்ற பொருளில் வரும் இந்தக் கலம்தான் நமக்குத் தெரிந்த கலம்காரியிலும் இருக்கிறது. அக்பர் காலத்து ஹம்ஸாநாமா என்ற கதைநூலை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ 1,400 படங்கள், ஒவ்வொன்றும் துணியில் தீட்டியது, இரண்டடிக்கும் மேல் உயரம். இதையும் மினியேச்சர் வரிசையில்தான் வைக்கிறார்கள். சிறியது என்று எப்படிச் சொல்வது?

சரி, லாகூரில் இந்தக் கலைக்கு வந்த மறுமலர்ச்சிக்கு வருவோம், ஏனென்றால் சிற்றோவியம் என்ற சொல் நம்மை முழுதாகக் கைவிடுவது அங்கேதான். லாகூரில் 1875இல் மேயோ கலைப்பள்ளி தொடங்கியது. 1958இல் அது தேசியக் கலைக் கல்லூரி ஆனது. பட்டியாலா அரண்மனை ஓவியர் குடும்பத்தில் வந்த ஹாஜி ஷெரீஃப், அவருக்குப் பின் ஷேக் ஷுஜாவுல்லா என்று ஓரிருவர்தான் அங்கே இந்தக் கலையைக் கைமாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அரசர்கள் போனதும் ஆதரவு போனது, புகைப்படம் வந்ததும் முகச்சித்திர வேலையும் போனது, மிஞ்சியது பழைய படத்தைப் பார்த்துப் படியெடுக்கும் வேலை. இவர்களிடம் கற்ற பஷீர் அகமது 1980களில் அதைத் தனிப் பட்டப்படிப்பாகவே ஆக்கினார். இதைச் செய்யாமல் விட்டிருந்தால் இன்று நாம் பேச ஒன்றும் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அந்தப் படிப்பு அசல் குருகுலம். தரையில் உட்கார்ந்து, பலகையை முழங்காலில் சாய்த்து வேலை. காகிதம்கூடக் கடையில் வாங்குவதில்லை. தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாவுப் பசையால் ஒட்டி வஸ்லி செய்ய வேண்டும்; பூச்சி அரிக்காமலிருக்க பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். காய்ந்தபின் சங்காலோ வழுவழுப்பான கல்லாலோ தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும், தூரிகை திக்காமல் வழுக்கிப் போகும்வரை. தூரிகை அணில்வால் மயிரில் கட்டியது. வண்ணம் குழைப்பது சிப்பி ஓட்டில். அப்புறம் பர்தாக்த்: நிழலை ஒரே இழுப்பில் பூசாமல், கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத மெல்லிய தீற்றல்களைப் பக்கம் பக்கமாக வைத்து, ஒரு கன்னத்தின் வளைவைக் கொண்டுவருவது. ஒரு முகத்துக்கே நாள்கணக்கில் ஆகும்.

இப்படிப் பயின்று வந்தவர்கள் செய்ததைப் பாருங்கள். ஷாஜியா சிக்கந்தர் 1989-90இல் பட்டப்படிப்புக்காகத் தீட்டிய ‘சுருள்’ ஐந்தடிக்கும் மேல் நீளம். ஒரு வீட்டின் அறைகள் வரிசையாக விரிகின்றன, அவற்றினூடே வெள்ளை உடையில் ஓர் இளம்பெண் அறை அறையாகக் கடந்து போகிறாள். ஒரே படத்தில் அவள் பல இடங்களில் இருக்கிறாள். அரசவையும் வேட்டையும் இருந்த இடத்தில் ஒரு பெண்ணின் அன்றாடம் வந்து உட்கார்ந்தது. 2003இல் அதே கல்லூரியில் படித்து வெவ்வேறு ஊர்களில் வாழ்ந்த ஆறு ஓவியர்கள் ‘கார்கானா’ (பட்டறை) என்று ஒரு கூட்டு முயற்சியைத் தொடங்கினார்கள்: ஆளுக்கு இரண்டு தாள் தொடங்கி அஞ்சலில் அடுத்தவருக்கு அனுப்பினார்கள், அவர் அதன் மேலேயே தன் பங்கைத் தீட்டி அனுப்பினார், இப்படிப் பன்னிரண்டு தாள்களும் ஆறு கைகளைக் கடந்தன. முகலாயப் பட்டறையில் ஒருவர் கோடு போட, ஒருவர் வண்ணமிட, ஒருவர் முகம் எழுதிய முறையைத் தபால்பெட்டி வழியாக மீட்டது இது. அந்த ஆறு பேரில் ஒருவரான இம்ரான் குரேஷி 2013இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் மொட்டைமாடித் தரையில் வண்ணம் தீட்டினார். ஏறத்தாழ 8,000 சதுர அடி. தூரத்திலிருந்து பார்த்தால் சிந்திய ரத்தம்; குனிந்து பார்த்தால் அந்தச் சிவப்பிலிருந்து முகலாயத் தோட்டத்து இலைகளும் இதழ்களும் விரிகின்றன. மக்கள் அதன்மேல் நடந்தார்கள்.

மொட்டைமாடியைச் சிற்றோவியம் என்று எழுத எனக்குக் கை வராது. இங்கே மாறாமல் இருப்பது வேலையின் நுணுக்கம்தான். எனவே நுண்ணோவியம் என்பதே என் தேர்வு. நுண்கலை, நுண்வினை என்று தமிழில் ஏற்கெனவே பழகிய சொற்களோடு அது உறுத்தாமல் சேர்ந்துகொள்கிறது. அரிசியில் பெயர் எழுதுவதையும் நுண்ணோவியம் என்பார்களே, குழப்பம் வராதா என்று கேட்கலாம். அதை அரிசி எழுத்து என்று நேரடியாகவே சொல்லலாமே. சினிமாக்காரர்கள் சொல்லும் மினியேச்சர் செட் வேறு பொருள், அதற்கு மாதிரியுரு போதும். சிற்றோவியத்தை ஒரேயடியாகத் தூக்கிப்போடவும் வேண்டாம். ஐரோப்பியப் பதக்கப் படங்கள் உண்மையிலேயே சிறியவை, அவற்றுக்கு அது பொருந்தும். செவ்வோவியம் என்று வேர்ப்பொருளை மீட்கலாமா என்றால், வேண்டாம் என்பேன். சிவப்பு ஐரோப்பிய ஏட்டின் கதை, லாகூரின் கதை அல்ல.

கூட வரும் சொற்களையும் சொல்லிவிடுகிறேன். வஸ்லி ஒரு பொருளின் பெயர், அப்படியே இருக்கட்டும். பர்தாக்துக்கு நுண்தீற்றல் எனலாம். வண்ணம் ஏற்றாமல் கருமைக் கோட்டிலேயே நிற்கும் சியா கலம் பாணிக்கு நம்மிடம் பக்கத்தில் வரும் சொல் இருக்கிறது: நெடுநல்வாடையில் வரும் ‘புனையா ஓவியம்’, வண்ணம் பூசாமல் கோட்டளவில் நிற்கும் படம். நுண்தீற்றலால் நிழலேற்றிய சியா கலம் படங்களுக்கும் இது சரிப்படுமா என்பது வாதத்துக்குரியது, ஆனால் கோட்டுப்படத்துக்கு இதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை. தூரிகைக்குத் துகிலிகை என்றும் பழைய பெயர் உண்டு. ஓவியர்கள் அரக்குச் சிவப்பில் தோய்த்த துகிலிகையைப் பாதிரிப் பூவுக்கு உவமை சொல்கிறது நற்றிணை. இந்த மறுமலர்ச்சியை மொத்தமாகக் குறிக்க, தற்கால நுண்ணோவியம் என்று எழுதினால் கண்காட்சிக் குறிப்பிலும் நிற்கும், பேச்சிலும் நிற்கும்.