டெல்டா சாலைக்கு எந்த நிறக் கார்?

"வெள்ளை எடுத்தால் டாக்ஸி மாதிரி இருக்கும்", "கறுப்பு எடுத்தால் கத்திரி வெயிலில் உள்ளே உட்கார முடியாது". தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் புது கார் எடுக்கும் வீடுகளில் இந்த இரண்டு பேச்சும் கட்டாயம் வரும். முதலாவது அவரவர் ரசனை. இரண்டாவது இயற்பியல், அளந்தே பார்க்கலாம்.

வெள்ளை பெயின்டில் இருக்கும் முக்கியமான பொருள் டைட்டானியம் டை ஆக்சைடு. ஒளியை வளைக்கும் திறன் இதற்கு மிக அதிகம். அதன் நுண்துகள்கள் மேலே விழும் ஒளியை நாலாபக்கமும் சிதறடித்து வெளியே தள்ளிவிடும். கறுப்பு பெயின்டில் இருப்பது கார்பன் கரி. விழுவதையெல்லாம் விழுங்கி வெப்பமாக்குவது அதன் குணம். சூரியனிலிருந்து தரைக்கு வரும் ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்புக் கதிர் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். கரி அதையும் விடுவதில்லை. பார்வைக்கு ஒரே அடர்த்தியில் தெரியும் இரண்டு நிறங்களில் ஒன்று அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும், இன்னொன்று உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் கண்ணை மட்டும் நம்பி வெப்பத்தைக் கணக்குப் போட முடியாது.

அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தினர் ஒரே மாடலில் ஒரு கறுப்புக் காரையும் ஒரு சில்வர் காரையும் வெயிலில் நிறுத்தி அளந்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். சில்வர் தன்மேல் விழுந்த வெயிலில் 58 சதவீதத்தைத் திருப்பி அனுப்பியது, கறுப்பு வெறும் 5 சதவீதத்தை. கறுப்புக் காரின் கூரை 25 டிகிரி செல்சியஸ் வரை அதிகமாகச் சுட்டது. ஆனால் காருக்குள் இருந்த காற்றில் வித்தியாசம் 5, 6 டிகிரிதான்.

கூரையில் 25 டிகிரி, உள்ளே 5 டிகிரி என்றால் மிச்சம் எங்கே போனது? கூரைத் தகட்டுக்குக் கீழே காற்று இடைவெளியும் துணி உறையும் இருக்கின்றன, அவை சூட்டைத் தடுக்கும். உள்ளே வரும் வெப்பத்தில் பெரும்பங்கு கண்ணாடி வழியாக வருகிறது. அது விழுவது டேஷ்போர்டின் மேலும் சீட்டின் மேலும். வெள்ளைக் காரானாலும் டேஷ்போர்டு பெரும்பாலும் கறுப்புதானே. ஆகவே வெயில் விஷயத்தில் நிறம் உதவும், ஆனால் ஒரு புளியமரத்து நிழல் அதைவிட அதிகம் உதவும். முன்கண்ணாடிக்கு ஒரு மறைப்பு வைத்தால் எந்த நிறக் காருக்கும் பலன் தெரியும்.

நான் வெயிலைவிட முக்கியமாக நினைப்பது அந்தி நேரத்தை. டெல்டாவில் ஊருக்கும் ஊருக்கும் நடுவே இரண்டு பக்கமும் வயல்தான், பல இடங்களில் தெருவிளக்கு கிடையாது. டிராக்டரும் சைக்கிளும் மாடும் வீடு திரும்புகிற அந்த அரைமணி நேரத்தில் எதிரே வருபவர் கண்ணில் நம் வண்டி படுமா?

பகலில் நாம் பார்ப்பது கண்ணின் விழித்திரையில் இருக்கும் கூம்பு செல்களால். அவை மொத்தமாக அதிகம் உணர்வது 555 நானோமீட்டர் அலைநீளத்தை, அதாவது மஞ்சள் கலந்த பச்சையை. வெளிச்சம் குறையக் குறைய வேலை அங்கேயே இருக்கும் கோல் செல்கள் கைக்கு மாறும். அவற்றின் உச்சம் 507 நானோமீட்டர், நீலம் கலந்த பச்சை. சிவப்பை அவை அநேகமாக உணர்வதே இல்லை. செக் நாட்டு உடலியல் அறிஞர் யான் புர்க்கின்யே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கவனித்து எழுதினார், அவர் பெயரிலேயே இது அழைக்கப்படுகிறது. பச்சை வயலை ஒட்டிப் போகும் சிவப்புக் காரை மதியம் பாருங்கள், பளிச்சென்று தனியாகத் தெரியும். அதே காரை இருட்டத் தொடங்கும்போது பாருங்கள். வயல் இன்னும் சாம்பல் வெளிச்சத்தோடு தெரியும், கார் கறுத்துப் போயிருக்கும். கண்ணில் படவேண்டும் என்று சிவப்பு எடுப்பவர்கள் இதை யோசித்துக்கொள்வது நல்லது.

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக விபத்து ஆய்வு மையம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பகல் நேரத்தில் வெள்ளைக் கார்களைவிடக் கறுப்புக் கார்களுக்கு விபத்து வாய்ப்பு 12 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. அங்கத்திய சாலை வேறு, நம் சாலை வேறு, எண்ணை அப்படியே இங்கே பொருத்த முடியாது. கறுப்பு கண்ணில் படுவது குறைவு என்ற காரணம் மட்டும் இரண்டு இடத்துக்கும் பொது. மார்கழிப் பனிமூட்டத்தில் இந்தக் கணக்கும் உதவாது. பனித்துளிகள் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி சிதறடிப்பதால் வெள்ளையும் சில்வரும் பனியோடு பனியாகக் கரைந்துவிடும். அப்போது லோ பீம் விளக்கு எரிந்தே ஆகவேண்டும்.

அடுத்தது தூசி. சம்பா அறுப்பு முடிந்த தை, மாசியில் நெல்லைத் தார்ச்சாலையிலேயே பரப்பிக் காயவைப்பார்கள். கொள்முதல் நிலையத்துப் பக்கம் போனால் காற்றில் சுணை, அதாவது நெல்லிலிருந்து உதிரும் நுண்முடித் தூசி, பறக்கும். களத்தில் வேலை செய்தவர்களுக்கு அந்த அரிப்பு தெரியும். நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி உமியின் மேல்தோலிலும் நுண்முடிகளிலும் சேர்த்துவைக்கிறது. உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காதான். கண்ணாடியும் மணலும் இதே சிலிக்காவால் ஆனவை.

இந்தத் தூசி உட்கார்வது காரின் கிளியர் கோட் மேல். காரின் பெயின்ட் மொத்தமே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். தகட்டை ஒட்டி துருவைத் தடுக்கும் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். காலையில் அவசரத்துக்கு உலர்ந்த துணியால் சுணையோடு சேர்த்துத் துடைத்தால் கிளியர் கோட்டில் நுண்கீறல் விழும். கறுப்பு பானெட்டை வெயிலில் பார்த்தால், சூரியன் பிரதிபலிக்கும் இடத்தைச் சுற்றி சிலந்தி வலை போல வட்ட வட்டமாகத் தெரிவது அதுதான். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் இருக்கின்றன. ஒளி வரும் திசைக்குக் குறுக்காக இருப்பவை மட்டுமே வெளிச்சத்தை நம் கண்ணுக்குத் திருப்புவதால் வட்டமாகத் தோன்றுகின்றன. வெள்ளைக் காரிலும் இதே அளவு கீறல் இருக்கும். பின்னணியே வெளிச்சமாக இருப்பதால் தெரியாது. எந்த நிறமானாலும் முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியைக் கழுவிவிட்டு, அப்புறம் துணியைத் தொடுங்கள்.

மழைக்காலத்து வண்டல் சேறு வெள்ளைக் கதவின் கீழ்ப்பகுதியில் அப்பட்டமாகத் தெரியும். சாம்பலும் சில்வரும் அதை ஓரளவு மறைக்கும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கம் உப்புக்காற்றுக்குப் பயந்து நிறம் தேட வேண்டியதில்லை. துருவைத் தடுப்பது அடியில் இருக்கும் பூச்சு, அதற்கும் மேலே தெரியும் நிறத்துக்கும் சம்பந்தமில்லை.

என்னைக் கேட்டால் சாதாரண சாலிட் வெள்ளை. வெப்பமும் அந்தி நேரமும் ஒரு காரணம், டச்சப், அதாவது உரசிய இடத்துக்கு மறுபடி பெயின்ட் அடிப்பது, இன்னொரு காரணம். கும்பகோணத்துச் சந்துகளில் பைக் ஹேண்டில் உரசாமல் ஒரு கார் வருடத்தை ஓட்டுவது கஷ்டம். மெட்டாலிக் நிறத்தில் நுண்ணிய அலுமினியத் தகடுகள் கலந்திருக்கும். அவை படுத்திருக்கும் கோணத்தைப் பொறுத்து நிறம் மாறித் தெரியும். பெயின்டர் கை கொஞ்சம் வேகமாகப் போனாலே புது கதவு ஒரு சாயலிலும் பழைய கதவு ஒரு சாயலிலும் நிற்கும். பேர்ல் வெள்ளையில் மைக்கா கலந்த அடுக்கு தனியாக ஒன்று உண்டு, அதனால் வேலையும் செலவும் கூடும். சாலிட் வெள்ளையில் இந்தத் தொல்லை இல்லை. உரசிய இடத்தை மட்டும் அடித்தால் பெரும்பாலும் பக்கத்துத் தகட்டோடு சேர்ந்துவிடும்.