அரசரின் தலைக்குப் பின்னால் ஒரு பெயர்

ஆங்கிலோ-சாக்சன் வெள்ளிக் காசை, அதாவது 1066-க்கு முந்தைய இங்கிலாந்தின் காசைக் கையில் வாங்குகிற எவரும் முதலில் பார்ப்பது அரசரின் தலையைத்தான். புதிதாகச் சேகரிக்கத் தொடங்குகிறவர்களிடம் நான் சொல்வது, முதலில் அதைத் திருப்புங்கள் என்பதே.

இங்கிலாந்தின் அரசர் இரண்டாம் ஈதல்ரெட் காலத்து ‘நீள்சிலுவை’ பென்னி என்ற வெள்ளிக் காசு ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுமார் 997 முதல் 1003 வரை அடிக்கப்பட்ட வகை. ஏறக்குறைய நம் ஒரு ரூபாய் நாணயத்தின் விட்டம்தான். எடை ஏறக்குறைய பாதிதான். தலைப்பக்கத்தில் அரசரின் உருவமும் பெயரும் இருக்கும். பூப்பக்கத்தில் விளிம்பு வரை நீளும் இரட்டைக்கோட்டுச் சிலுவை, அதைச் சுற்றி ‘காட்வினே, லண்டன்’ என்று எழுத்துகள். காட்வினே என்பவர் அந்தக் காசுக்குப் பொறுப்பான அக்கசாலைக்காரர், அதாவது அரசருக்காகக் காசு அடித்தவர். காசில் வெள்ளி குறைந்தால் யாரைப் பிடிப்பது? பதில் காசிலேயே இருக்கிறது.

இந்தப் பொறுப்பு விளையாட்டல்ல. அதற்கு முன் ஆண்ட அரசர் ஏதல்ஸ்டன் (924–939) கிரேட்லி என்ற இடத்தில் வெளியிட்ட சட்டம், நாடு முழுக்க ஒரே நாணயம்தான் என்கிறது. கள்ளக் காசு அடித்த அக்கசாலைக்காரரின் கையை வெட்டி, அந்தப் பட்டறையிலேயே மாட்டி வைக்க வேண்டும். குற்றத்தை மறுக்கிறவர் பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பிடித்துத் தான் குற்றமற்றவர் என்று நிரூபிக்கலாம். எந்த ஊரில் எத்தனை அக்கசாலைக்காரர்கள் என்பதும் அதே சட்டத்தில் வருகிறது: லண்டனுக்கு எட்டு, கேன்டர்பரிக்கு ஏழு, வின்செஸ்டருக்கு ஆறு.

காசு அடிக்கிற முறை எளிது. கீழ் அச்சின் அடியில் ஆணிபோல ஒரு முனை. அதை மரக்கட்டையில் ஆழமாக இறக்கி நிறுத்துவார்கள். மேலே வெள்ளித் தகடு. அதன்மேல் இன்னொரு அச்சைக் கையால் பிடித்துச் சுத்தியலால் ஓங்கி ஓர் அடி. தலைப்பக்கம் பெரும்பாலும் கீழ் அச்சில் இருக்கும். மேல் அச்சுதான் அடியை நேராக வாங்குவதால் சீக்கிரம் தேயும், உடையும். அதனால் ஒரு தலை அச்சு, தன் ஆயுளில் பல பூ அச்சுகளோடு ஜோடி சேரும். அச்சுகள் கையால் செதுக்கியவை. இரண்டு அச்சுகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே அச்சில் பிறந்த காசுகளை ஒப்பிட்டு, எது முன்னால் எது பின்னால் என்று வரிசைப்படுத்துகிறார்கள். எத்தனை அச்சுகள் புழங்கின என்றும் கணிக்கிறார்கள். போலிகளைப் பிடிக்கவும் இதே ஒப்பீடுதான் கைகொடுக்கிறது.

என்னை மிகவும் வியக்க வைப்பது அரசர் எட்கார் சுமார் 973-இல் செய்த சீர்திருத்தம். அதிலிருந்து எல்லா ஊர்க் காசுக்கும் ஒரே வடிவம். அக்கசாலைக்காரர் பெயரும் ஊர்ப் பெயரும் கட்டாயம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த வடிவமே மாறும். முதலில் சுமார் ஆறு ஆண்டுகள், பின்னால் இரண்டு மூன்று ஆண்டுகள். வடிவம் மாறியதும் மக்கள் பழைய காசைக் கொடுத்துப் புதிய காசு வாங்க வேண்டும். அதில் அரசருக்கு ஒரு பங்கு கழியும். அக்கசாலைக்காரரும் சும்மா தப்ப முடியாது. நாணயம் மாறும்போது வூஸ்டர் ஊரில் ஒவ்வொருவரும் புதிய அச்சுக்காக லண்டனில் 20 ஷில்லிங் கட்டினார்கள் என்று 1086-ஆம் ஆண்டின் டூம்ஸ்டே என்ற நில, வரிக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஒரு வரி வசூல் ஏற்பாடே காசுக்குள் ஒளிந்திருக்கிறது! எழுதப் படிக்கத் தெரியாத அதிகாரிகூடச் சிலுவையின் வடிவத்தைப் பார்த்து, இது செல்லும், இது செல்லாது என்று சொல்லிவிடலாம். அக்காலத்தின் ஐரோப்பாவில் இவ்வளவு கட்டுக்கோப்பான நாணய முறை வேறெங்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்தக் கட்டுக்கோப்புதான் இன்னொரு வேலைக்கும் உதவியது. 991-இல், ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல்வழி வந்து தாக்கிய வைக்கிங்குகளுக்கு இங்கிலாந்து கொடுத்த கப்பம் 10,000 பவுண்டு. பவுண்டுக்கு 240 பென்னி. ஆக 24 லட்சம் காசுகள். 1012-இல் அது 48,000 பவுண்டு ஆனது. கப்பமாகவும் கூலியாகவும் வணிகமாகவும் கடல் தாண்டிய ஈதல்ரெட் காசுகள், இங்கிலாந்தைவிட ஸ்காண்டிநேவிய மண்ணில்தான் அதிகம் கிடைத்திருக்கின்றன. அங்கே போன காசுகளில் பிறைபோலச் சின்னச் சின்னக் கொத்தல்கள் தெரியும். வெள்ளி நல்ல மாற்றுதானா என்று கத்திமுனையால் குத்திப் பார்த்த தடம் அது. பழுது என்று சிலர் அதை ஒதுக்குகிறார்கள். எனக்கு அந்தக் காசுதான் பிடிக்கும். காட்வினேயின் பெயர் அங்கே யாருக்கும் எதையும் உறுதி சொல்லவில்லை, வெள்ளிதான் பேசியது என்பதற்கு அந்தக் கொத்தல்தான் சாட்சி.

சரி, பெயரே இல்லாத காசுகள்? சுமார் 675 முதல் 750 வரை புழங்கிய, ‘ஷாட்டா’ என்று சேகரிப்பாளர்கள் அழைக்கும் குட்டிக் காசுகள் பெரும்பாலும் அப்படித்தான். அரசரும் இல்லை, ஊரும் இல்லை. அவற்றுக்கு முகவரி தருவது கிடைத்த இடம் மட்டுமே. ஒரு வகையில் வட்டப் புள்ளிகள் சூழ்ந்த ஒரு முகம் இருக்கும், மறுபக்கம் ஒரு பறவை. இன்றைய சவுத்தாம்ப்டனில் இருந்த ஹாம்விக் துறைமுகத்தில் அது குவிந்து கிடைப்பதால்தான் அது அந்த ஊர்க் காசு என்று தெரிய வந்தது.

வெள்ளி எங்கிருந்து வந்தது என்பதை ஈயம் சொல்கிறது. ஈயத் தாதிலிருந்து பிரித்தெடுக்கும் வெள்ளியில் துளி ஈயம் எப்போதும் தங்கிவிடும். ஈயத்தின் ஐசோடோப்புகள், அதாவது அதே தனிமத்தின் எடை மாறுபட்ட அணுக்கள், என்ன விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பது சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும்; உருக்கினாலும் அந்த விகிதம் அழியாது. லேசரால் கண்ணுக்குத் தெரியாத அளவு சுரண்டி, 49 காசுகளை இப்படிச் சோதித்த ஆய்வு 2024-இல் வெளியானது. 660 முதல் 750 வரையிலான காசுகளில் இருந்தது பைசாந்தியப் பேரரசின், அதாவது கிழக்கு ரோமப் பேரரசின் வெள்ளி. பல காலமாக மேற்கு ஐரோப்பாவில் செல்வர்களிடமும் தேவாலயங்களிலும் இருந்த வெள்ளிப் பாத்திரங்களை உருக்கியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். 750-க்குப் பின் வந்தவற்றில் பிரான்சின் மெல் சுரங்க வெள்ளி.

ஒன்பதாம் நூற்றாண்டு அரசர் ஆல்ஃபிரட் காலத்து ‘இரு பேரரசர்’ பென்னி, ஒரு புதையல் நாம் அறிந்ததை எவ்வளவு மாற்றும் என்பதற்கு நல்ல உதாரணம். அதில் இரண்டு அரசர்கள் அருகருகே அமர்ந்திருப்பார்கள். பழைய ரோமத் தங்கக் காசின் நகல். அன்றைய இங்கிலாந்தின் இரு அரசுகளான வெசெக்சின் ஆல்ஃபிரடும் மெர்சியாவின் இரண்டாம் சியோல்வுல்ஃபும் தத்தம் பெயரில் அதே வடிவத்தை வெளியிட்டார்கள். ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பு சியோல்வுல்ஃபை வைக்கிங்குகளின் கைப்பாவையாக, ‘புத்திகெட்டவன்’ என்று இழித்துப் பேசுகிறது. காசோ இருவரும் கூட்டாளிகள் என்கிறது. நீண்ட காலம் உலகில் இரண்டே இரண்டு தெரிந்திருந்தன. 2015-இல் ஆக்ஸ்ஃபர்ட்ஷயரின் வாட்லிங்டனில் கிடைத்த புதையலில் மட்டும் 13 இருந்தன. முறையாகத் தெரிவிக்கப்பட்டதால் இன்று அது ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதே 2015-இல் ஹெரிஃபோர்ட்ஷயரில் மெட்டல் டிடெக்டரோடு போனவர்கள் எடுத்த இன்னொரு புதையல் மறைக்கப்பட்டது. சுமார் 300 காசுகள் இருந்திருக்கும் என்கிறார்கள். மீட்கப்பட்டது ஏறக்குறைய முப்பது. 2019-இல் அவர்களுக்குச் சிறை கிடைத்தது. எந்தக் காசு எதோடு சேர்ந்து கிடந்தது என்ற செய்தி மட்டும் கிடைக்கவில்லை.

இங்கிலாந்தில் 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரே இடத்தில் கிடைத்த, 300 ஆண்டுக்கு மேற்பட்ட இரண்டு வெள்ளிக் காசுகள் இருந்தாலே புதையல், தெரிவித்தாக வேண்டும். தனியாகக் கிடைக்கும் ஒற்றைக் காசு பொதுவாக அதில் வராது, நேரே ஏலத்துக்கு வரலாம். அப்படிக் கிடைத்தவற்றையும் கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகம் பதிவு செய்கிறது. வாங்க நினைத்தால் விற்பவரிடம் அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஒரே மாதிரி இரண்டு காசுகள் இருந்து, ஒன்று பளபளவென்றும் மற்றது தேய்ந்துபோய் ஆனால் கிடைத்த வயல் எதுவென்று பதிவாகியும் இருந்தால், நான் தேய்ந்ததைத்தான் எடுப்பேன்.