காய் எடுக்கும் கையும் நாளைய வேலையும்

விடியற்காலையில் கம்பம்மெட்டு ஏறும் ஜீப்புகளில் தேனி மாவட்டத்துப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். இடுக்கி ஏலத்தோட்டங்களில் பகலெல்லாம் காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் ஊர் திரும்புகிறவர்கள். நாளைக்கும் கூப்பிடுவார்களா என்பது தோட்டத்துத் தேவையைப் பொறுத்தது. பயம் இருந்தால்தான் வேலை ஓடும் என்பது பல முதலாளிகளின் கணக்கு. அதில் பாதி சரிதான்.

1908இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் சுண்டெலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வெள்ளைப் பெட்டிக்குள் போனால் தொல்லையில்லை. கறுப்புக்குள் நுழைந்தால் மின்னதிர்ச்சி. இரண்டுக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தபோது, அதிர்ச்சி கூடக்கூட எலிகள் சீக்கிரம் கற்றுக்கொண்டன. வித்தியாசத்தை மங்கலாக்கியதும் நிலைமை மாறியது. நடுத்தர அதிர்ச்சியில்தான் நன்றாகக் கற்றன. அதற்கு மேல் போனால் தடுமாறின. மேலாண்மை வகுப்புகளில் இதைக் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரே வளைகோடாக வரைந்து முடித்துவிடுகிறார்கள். வேலைக்கு வேலை முடிவு மாறியதுதானே இதில் சுவையே!

ஏலக்காய் எடுப்பது அந்த மங்கலான ரகம். ஒரே சரத்தில் முற்றியதும் பிஞ்சும் கலந்து கிடக்கும், எல்லாம் பச்சை. பிஞ்சைக் கிள்ளினால் ஸ்டோர் என்கிற உலர்த்தும் கூடத்தில் உலரும்போது சுருங்கி, எடையும் விலையும் போய்விடும். மூட்டை தூக்க அதட்டல் உதவலாம். இந்தப் பார்வைக்கு உதவாது.

பதற்றத்தில் உடலில் அழுத்த ஹார்மோன்கள் ஏறுகின்றன: நொடிகளில் அட்ரினலின், சில நிமிடங்களில் கார்டிசால். கை வேகமெடுக்கும். ஆனால் அழுத்தம் மிஞ்சும்போது, நிதானித்துத் தேர்ந்தெடுக்கும் மூளை முன்பகுதியின் பிடி தளர்ந்து, பழக்கமும் அச்சமும் முந்திக்கொள்கின்றன.

வேலை நிச்சயமில்லாத நிலை இன்னும் மோசம். 2016இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில் 45 பேர் கணினித் திரையில் பாறைகளைப் புரட்டினார்கள். அடியில் பாம்பு இருந்தால் கையில் மின்னதிர்ச்சி. அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோதைவிட, பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றபோதுதான் மன அழுத்தம் உச்சத்தில் இருந்தது. வியர்வையும் கண்மணி விரிந்ததும் அதைக் காட்டின. நாளைக்கு வேலை இல்லை என்று திட்டமாகச் சொல்லிவிட்டால் வேறு தோட்டம் பார்க்கலாம். ‘பார்க்கலாம்’ என்று இழுத்தால் ராத்தூக்கம்தான் போகும். தூங்காத கண் மறுநாள் பிஞ்சையும் சேர்த்துத்தான் கிள்ளும்.

முதலாளிக்குத் தெரியாத நட்டம் ஒன்றும் உண்டு. வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறவர்கள் காயங்களையும் விபத்துகளையும் குறைத்தே சொல்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மழையில் வழுக்கி விழுந்தவள் கங்காணியிடம் வாயைத் திறக்கமாட்டாள். அந்தச் சரிவில் படி வெட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் செய்யாது.