தொயாமாவின் பத்துப் பருவங்கள்

"கட்டாரே தொயாமா அணி ஜே3 லீக்கில் பத்துப் பருவங்களைக் கழித்தது." போன வாரம் ஒரு மொழிபெயர்ப்பில் கண்ணில் பட்ட வரி இது. பத்துப் பருவம் என்றதும் எனக்குக் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று வரிசையாக ஓட ஆரம்பித்துவிட்டது. அம்புலியைக் கூப்பிட்டு, சிற்றில் சிதைத்து, சிறுபறை கொட்டி, கடைசியில் சிறுதேர் உருட்டிக்கொண்டே ஜே2வுக்கு ஏறிவிட்டார்கள் போல. பிள்ளைத்தமிழுக்குப் பாட்டுடைத் தலைவனாக ஒரு கால்பந்து அணி கிடைத்ததில் சந்தோஷம்தான். ஆனால் எழுதியவர் சொல்ல வந்தது அது இல்லையே, ஆங்கிலத்தின் 'சீசன்' அல்லவா.

நடந்தது இதுதான். 2014இல் ஜே2வில் கடைசி இடத்தில் முடித்த தொயாமா, ஜப்பானின் மூன்றாம் நிலையான ஜே3க்கு இறங்கியது. 2015 முதல் 2024 வரை அங்கேதான் ஆடியது. 2024இல் இருபது அணிகளில் மூன்றாவதாக வந்தது. முதலிரண்டு இடம் பிடித்த ஒமியாவும் இமாபாரியும் நேராக மேலே போயின. மீதமிருந்த ஒரே இடத்துக்கான கடைசி ஆட்டத்தில் தொயாமாவும் நான்காவதாக வந்த மட்சுமோட்டோவும் மோதின. தொயாமா இரண்டு கோல் பின்தங்கி இருந்தது. கடைசிக் கட்டத்தில் இரண்டையும் திருப்பி அடித்து 2-2 ஆக்கியது. சமன் ஆனால் பட்டியலில் மேலே இருந்த அணிக்கே இடம் என்பது விதி. பத்து வருடம் கழித்து ஏறினார்கள். இவ்வளவு சங்கதியையும் 'பருவம்' என்ற ஒரு சொல் பிள்ளைத்தொட்டிலில் போட்டு ஆட்டிவிட்டது.

இந்தச் சொல்லை முதல்முறை பார்த்தபோது விட்டுவிட்டேன். இரண்டாம் முறையும் விட்டேன். பிறகு எங்கே பார்த்தாலும் 'ஜே3இன் 2024ஆம் பருவம்', 'பருவத்தின் இறுதியில்', 'பருவத்திற்கு முந்தைய பயிற்சி ஆட்டம்' என்றே வருகிறது. போதும்.

ஆங்கிலத்தின் சீசன் பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது. அடியில் இருக்கும் பொருள் விதைத்தல். விதைக்கிற காலம் என்பது ஏற்ற காலமாகி, ஆண்டின் நான்கு கூறுகளாகி, நாடகம், வேட்டை, விளையாட்டு எல்லாம் நடக்கிற காலத்துக்கும் பெயராகி விரிந்தது. நம் 'பருவத்தே பயிர் செய்' நினைவுக்கு வருகிறதா? ஔவைக்கும் லத்தீன்காரருக்கும் வயல் பொதுதான். மொழிபெயர்ப்பாளர்கள் வழுக்கி விழுவதும் இந்த இடத்தில்தான். முதல் பொருள் ஒன்றிப்போகிறது என்பதற்காக ஐந்தாவது பொருளும் ஒன்றிப்போகும் என்று நினைத்துவிடுகிறார்கள். பருவம் தமிழ்ச் சொல்லே என்பாரும் உண்டு, வடமொழிப் பர்வன் வழி வந்தது என்பாரும் உண்டு. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. பர்வன் என்றால் கணு, மூட்டு என்பதை மட்டும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானியர் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். வானிலைப் பருவத்துக்கு அவர்களிடம் 'கிசெட்சு' என்ற சொல் இருக்கிறது. கால்பந்துக்கு அதைத் தொடமாட்டார்கள். ஆங்கிலச் சொல்லையே 'ஷீஸுன்' என்று தங்கள் வாய்க்கு ஏற்ப வளைத்து வைத்துக்கொண்டார்கள். கிசெட்சுவின் பின்பாதியான 'செட்சு' மட்டும் தனியாகக் கால்பந்துக்குள் வருகிறது. முதல் செட்சு, இரண்டாம் செட்சு என்றால் முதல் சுற்று, இரண்டாம் சுற்று. இருபது அணிகள், ஒவ்வொன்றும் மற்றதோடு இரண்டு முறை, ஆக 2024 ஜே3இல் மொத்தம் 38 செட்சு. செட்சு என்ற அந்த எழுத்தின் பொருளும் கணுதான், மூங்கிலின் கணு!

ஆகப் பருவம் என்ற சொல்லை எப்படியாவது ஜே3க்குள் நுழைத்தே தீருவேன் என்று ஒருவர் அடம்பிடித்தால், அது அந்த 38இல் ஒவ்வொன்றுக்கும்தான் பொருந்தும். மகாபாரதத்தில் ஆதி பருவம், சபா பருவம் என்கிறோம். அவை முழுக் கதையின் கூறுகள். கல்லூரியில் செமஸ்டரைப் பருவம் என்கிறோம். அதுவும் ஒரு கல்வியாண்டின் கூறு. வளரும் பிள்ளைக்குச் சொல்லும் பருவமும் அப்படியே. எங்கே பார்த்தாலும் பருவம் ஒரு முழுமையின் துண்டு. பிப்ரவரி இறுதியில் தொடங்கி நவம்பர் இறுதியில் முடிந்து, ஒருவரை ஏற்றி ஒருவரை இறக்கிக் கணக்கை மூடுகிற முழுமைக்கு அந்தப் பெயரை வைப்பது, கணுவைக் காட்டி இதுதான் கரும்பு என்பது போல.

'பருவகாலம்' என்று நீட்டி எழுதுபவர்களும் இருக்கிறார்கள். அது இன்னும் மோசம். படித்ததும் மழைதான் ஞாபகம் வருகிறது.

'தொடர்' என்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. நாளிதழ்களில் ஐபிஎல் தொடர் என்று எழுதிப் பழகிய கை அது. இரண்டு மாதத்தில் தொடங்கி முடிகிற கிரிக்கெட்டுக்கு அது சரி. அங்கே போட்டியும் சீசனும் ஒன்றே. ஜப்பானில் அப்படி இல்லை. 2024இல் ஜே1, ஜே2, ஜே3 என மூன்று நிலைகளின் 60 அணிகளும் லெவைன் கோப்பையிலும் ஆடின. தன் மாகாணத்தின் சார்பில் தகுதி பெற்றால் ஒரு ஜே3 அணிக்குப் பேரரசர் கோப்பையும் உண்டு. ஆக ஓர் அணி ஒரே சீசனில் இரண்டு மூன்று தொடர்களில் ஆடுகிறது. "இந்தத் தொடரில் அவர் பத்துக் கோல் அடித்தார்" என்றால் எந்தத் தொடரில்? லீக்கில் மட்டுமா, எல்லாம் சேர்த்தா? புள்ளிவிவரம் பார்க்கிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சரி, அப்புறம் என்னதான் எழுதுவது? பாதி இடங்களில் எதுவுமே வேண்டாம். இது மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஏனோ தோன்றுவதில்லை. மூலத்தில் ஒரு சொல் இருந்தால் தமிழிலும் அதற்கு ஒரு நாற்காலி போட்டாக வேண்டும் என்று நினைக்கிறார்கள். 2025 வரை ஜே லீக் ஓர் ஆண்டுக்குள்ளேயே தொடங்கி முடிந்தது. '2024இல் ஒமியா ஜே3 பட்டம் வென்றது' என்றால் முடிந்தது வேலை. 'அந்த ஆண்டு கடைசியாக வந்த இவாத்தே குருல்லா மொரியோகா நான்காம் நிலையான ஜேஎஃப்எல்லுக்கு இறங்கியது' என்றால் யாருக்குக் குழப்பம்? ஜே3இலிருந்து அணிகள் கீழே போனது அதுதான் முதல் முறை. 19ஆவதாக வந்த ஒய்எஸ்சிசி யொக்கோஹாமாவும் கோச்சி யுனைட்டெட்டிடம் (நம் பக்கத்துக் கொச்சி இல்லை) தோற்று இறங்கியது. இத்தனையையும் பருவம் இல்லாமலே சொல்லிவிட்டேன், பாருங்கள்.

ஆனால் இந்தச் சௌகரியம் இனி இல்லை. ஜே லீக் 2026 ஆகஸ்டிலிருந்து தன் காலத்தை மாற்றுகிறது. கோடையில் தொடங்கி அடுத்த ஆண்டு கோடையின் வாசலில் முடியும். நடுவில் டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி பாதி வரை பனிக்காக இடைவெளி. ஐரோப்பாவோடும் ஆசியக் கிளப் போட்டிகளோடும் ஒத்துப்போவது, கொதிக்கிற கோடையில் ஆட்டங்களைக் குறைப்பது என்று காரணங்கள் சொல்கிறார்கள். தொயாமா மாதிரி பனி கொட்டுகிற ஜப்பான் கடலோர ஊர்களுக்கு இதில் கவலை உண்டு. நம் கவலை வேறு. கோடை, இலையுதிர்காலம், குளிர், வசந்தம் என நான்கு பருவங்களையும் தாண்டி ஓடப்போகிற ஒன்றை இனிமேலும் ஒரு 'பருவம்' என்பார்களா? என்பார்கள். 'பருவத்தின் நடுவே குளிர்காலப் பருவ இடைவேளை' என்று ஒருவர் எழுதப்போகிறார், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டு எண் ஒன்று போதாது, 2026-27 என்று போட வேண்டும் என்கிறபோது, அந்த எண்ணுக்குப் பக்கத்தில் நிற்க நமக்கு ஏற்கெனவே ஒரு அச்சு இருக்கிறது. ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிவது நிதியாண்டு. ஜூனில் பள்ளி திறந்து ஏப்ரலில் முழுப்பரீட்சை எழுதுவது கல்வியாண்டு. இரண்டுமே நாட்காட்டியை மதிக்காமல் தங்கள் கணக்கை வைத்துக்கொள்ளும் ஆண்டுகள். அதே அச்சில் 'ஆட்ட ஆண்டு' என்று வார்த்தால் என்ன? 2026-27 ஆட்ட ஆண்டு. பத்து ஆட்ட ஆண்டுகள். ஆட்ட ஆண்டின் தொடக்கம், முடிவு. குளிர்கால இடைவெளிக்கோ நம் பள்ளிப் பிள்ளைகளின் சொல்லே இருக்கிறது. டிசம்பரில் வருகிற அரையாண்டு விடுமுறை! பல்லைக் கடித்துக்கொண்டு 'பருவமற்ற காலம்' என்று எழுதவே தேவையில்லை.

இலக்கணக்காரர் ஒருவர் இதைச் சேர்த்து 'ஆட்டவாண்டு' என்று எழுத வேண்டும் என்பார். இன்னொருவர் சுருக்கி 'ஆட்டாண்டு' என்பார். முன்னது வாயில் நுழையவில்லை. பின்னதைப் படித்தால் ஆட்டுக்கு உரிய ஆண்டு என்று தோன்றுகிறது. ஜப்பானில் ஆண்டுகளுக்கு விலங்குப் பெயர் வைக்கும் வழக்கம் உண்டு என்பதால் இது வெறும் விளையாட்டும் இல்லை. 2027 அங்கே ஆட்டின் ஆண்டேதான்! எதற்கு வம்பு, பிரித்தே எழுதுங்கள்.

ஒரு இடத்தில் இந்தச் சொல் உதவாது, அதையும் சொல்லிவிடுகிறேன். பழைய முறைக்கும் புதிய முறைக்கும் நடுவே விழும் 2026 பிப்ரவரி முதல் ஜூன் வரையிலான மாதங்களுக்கென்று ஒரு தனிப் போட்டி. ஜே2, ஜே3 அணிகள் நாற்பதையும் கலந்து பத்துப் பத்தாகப் பிரித்தது. ஏற்றம் இறக்கம் கிடையாது. அது ஆண்டு இல்லை, அதைத் தொடர் என்பதுதான் சரி. தொடர்காரர்கள் அதை எடுத்துக்கொள்ளட்டும்.

தூய தமிழ் வேண்டும் என்று நான் இதை எழுதவில்லை. குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டதா என்று கேட்கிறோம். ஊட்டி சீசன், மாம்பழ சீசன் என்கிறோம். அதில் என்ன குறை? 'ஜே3 சீசன்' என்று எழுதினால் என் பாட்டிக்குக்கூடப் புரிந்திருக்கும். தமிழ் மாதிரி தெரிகிற, ஆனால் பொருளைக் கெடுக்கிற சொல்லைவிட, கடன் வாங்கினாலும் காசாகச் செல்லுகிற சொல் மேல். நம் மொழிபெயர்ப்புகளில் கால்பந்து அணிக்குப் 'பதவி உயர்வு' கிடைக்கிறது. பட்டியலின் அடியில் இருக்கும் அணி 'மேசையின் கீழே' இருக்கிறது. எழுதுகிறவர் ஒரு ஆட்டமாவது பார்த்திருப்பாரா என்று சந்தேகம் வருகிறது. ஜப்பானில் பிற்பகல் இரண்டு மணி ஆட்டம் என்றால் நமக்குக் காலை பத்தரை. ஞாயிற்றுக்கிழமை இட்லி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் முடிந்தது. ஒருமுறை பார்த்துவிட்டால் அகராதியில் முதல் வரியோடு நிறுத்த மனம் வராது.

அந்த மொழிபெயர்ப்பாளருக்கு எழுதினேன். 'தொயாமா பத்து ஆண்டு ஜே3இல் கிடந்தது' என்று மாற்றலாமே என்று கேட்டேன். 'கிடந்தது' கொஞ்சம் கொச்சையாக இருக்கிறது, பருவம்தான் கலைச்சொல் என்று பதில் வந்தது.