ஓட்டிப் பார்க்காமலே அளவெடுக்கும் கான்ஃபிகர்

"லினக்ஸில் கம்பைல் செய்த சி நிரல் விண்டோஸில் ஏன் ஓடுவதில்லை? இரண்டிலும் ஒரே இன்டெல் சிப்தானே?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

சிப் ஒன்றுதான். ஆனால் லினக்ஸ் எல்ஃப் வடிவக் கோப்பை எதிர்பார்க்கிறது, விண்டோஸ் பிஇ வடிவத்தை. நிரல் அழைக்கும் நூலகங்களும் வேறு. இதற்காக விண்டோஸ் கணினி தேட வேண்டாம். டெபியனிலோ உபுண்டுவிலோ மிங்டபிள்யூ-டபிள்யூ64 தொகுப்பை நிறுவினால், லினக்ஸில் இருந்தபடியே விண்டோஸுக்கான கோப்பை உருவாக்கும் ஜிசிசி கம்பைலர் கிடைத்துவிடும். இதுதான் கிராஸ் கம்பைல்.

ஒரே கோப்பில் அடங்கும் நிரலுக்கு அது போதும். பெரிய நிரல்கள் பலவற்றில், கம்பைலுக்கு முன் கணினியைச் சோதித்து அறியும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்டை முதலில் ஓட்ட வேண்டும். அதை உருவாக்கித் தரும் கருவி ஆட்டோகான்ஃப். கான்ஃபிகருக்கு ஹோஸ்ட் எது என்று சொல்ல வேண்டும். ஹோஸ்ட் என்பது நிரல் ஓடப்போகும் கணினி. கம்பைல் நடக்கும் கணினிக்குப் பெயர் பில்ட். பலர் தடுக்கி விழும் இடம் இது.

சி மொழியின் முழு எண் வகைகளில் ஒன்றான லாங் எத்தனை பைட் என்பது போன்றவற்றைக் கான்ஃபிகர் அறிய வேண்டும். வழக்கமாக ஒரு குட்டி சி நிரலை எழுதி, கம்பைல் செய்து, ஓட்டி, விடையைப் படித்துக்கொள்ளும். இப்போதோ அந்தக் குட்டி நிரல் விண்டோஸுக்கானது, இங்கே ஓடாது. உள்ளூர் அளவை வைத்து ஊகிக்கவும் முடியாது. 64 பிட் லினக்ஸில் லாங் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட்.

இங்கே கான்ஃபிகர் செய்யும் வேலை அபாரமானது. குட்டி நிரலில் ஓர் அர்ரேயை, அதாவது ஒரே வகை மதிப்புகளின் வரிசையை, அறிவிக்கிறது. ‘லாங் 7 பைட்டுக்கு மேற்படாது’ என்பது உண்மையானால் அர்ரேயின் நீளம் 1. பொய்யானால் 1 கழித்தல் 2, அதாவது -1. எதிர்ம நீளமுள்ள அர்ரேயை எந்த சி கம்பைலரும் ஏற்காது. எனவே கம்பைல் ஆனால் ‘ஆம்’, பிழை வந்தால் ‘இல்லை’. நிரல் ஓடவே இல்லை, பதில் வந்துவிட்டது! மனத்தில் நினைத்த எண்ணை ‘மேலா, கீழா’ என்று கேட்டே கண்டுபிடிக்கும் விளையாட்டைப் போல மேற்கொண்டு நகர்கிறது. 0, 1, 3 மூன்றுக்கும் பிழை, 7 தேறுகிறது. ஆக விடை 4 முதல் 7க்குள். அடுத்து 5 தேறுகிறது, பிறகு 4 தேறுகிறது. விடை 4.

இத்தனை நிரல்கள் நம்பியிருக்கும் ஆட்டோகான்ஃபின் 2.69ஆம் பதிப்பு 2012இல் வந்தது, 2.70க்கு 2020 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செயற்கை நுண்ணறிவுக்குக் கொட்டும் ஆய்வு நிதியில் ஒரு துளியாவது இப்படிப்பட்ட கருவிகளின் பராமரிப்புக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எல்லாச் சோதனைக்கும் இந்த அர்ரே உத்தி உதவாது. நினைவகம் ஒதுக்கித் தரும் மால்லாக் ஃபங்ஷனிடம் 0 பைட் கேட்டால் என்ன தரும் என்பது ஓட்டினால்தான் தெரியும். பழைய ஸ்கிரிப்ட்கள் அவநம்பிக்கையோடு ‘சரியில்லை’ என்று முடிவுகட்டும். பிறகு ‘ஆர்பிஎல்’ என்று தொடங்கும் மால்லாக்கைக் காணோம் என்று, நிரலையும் நூலகங்களையும் இணைக்கும் லிங்க்கர் நின்றுவிடும். அந்தச் சோதனையின் விடையைச் சேமிக்கும் கேஷ் மாறியைத் தேடி, ‘எஸ்’ என்ற மதிப்போடு கான்ஃபிகருக்குக் கொடுங்கள். மாறியின் பெயர் கான்ஃபிகரின் லாக் கோப்பில் இருக்கும். தரவைச் சுருக்கும் இசட்லிப் போன்ற நூலகங்களுக்கும் விண்டோஸ் பதிப்பு தனியாக வேண்டும். விண்டோஸில் திறந்ததும் ஜிசிசியின் டிஎல்எல் (ஓடும்போது தேவைப்படும் நூலகக் கோப்பு) இல்லை என்று வந்தால், நூலகத்தை நிரலுக்குள்ளேயே சேர்க்கும் ஸ்டாடிக் ஆப்ஷனுடன் மறுபடி லிங்க் செய்யுங்கள்.

நினைவக முகவரியான பாயின்டரை லாங்கில் போட்டுவைக்கும் பழைய நிரலை மட்டும் கான்ஃபிகரால் காப்பாற்ற முடியாது. 8 பைட் முகவரியில் பாதி வெட்டுப்பட்டுவிடும். அளவு பொருந்தவில்லை என்று ஜிசிசி எச்சரிக்கும் ஒவ்வொரு வரியிலும் லாங்கை, முகவரி முழுதும் கொள்ளும் இன்ட்பிடிஆர் வகையாக மாற்றியாக வேண்டும்.