ஜோன்: மண்டலமா, நிலப் பயன்பாடா?

சென்னையில் மனை வாங்கக் கிளம்புகிறவர் காதில் முதல் நாளே விழும் சொல் ஜோன். "இது எந்த ஜோன்?" என்று கேட்டால் ஒருவர் "பதினைந்தாவது ஜோன், சோழிங்கநல்லூர்" என்பார். இன்னொருவர் "ரெசிடென்ஷியல் ஜோன்தான், பயப்படாதீங்க" என்பார். இரண்டு பதிலுமே சரிதான். ஆனால் அவை இரண்டு வெவ்வேறு அலுவலகங்களின் பதில்கள். இது தெரியாமல் முன்பணம் கொடுத்துவிட்டு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

முதலாவது, மாநகராட்சியின் ஜோன். 2011-இல் சென்னை மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது, நகரம் 15 மண்டலங்களாகவும் 200 வார்டுகளாகவும் பிரிக்கப்பட்டது. குப்பை, தெருவிளக்கு, சொத்து வரி எல்லாம் இந்தக் கணக்கில் நடக்கும். இரண்டாவது, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் ஜோன். குழுமத்தின் இரண்டாவது முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) 2008-இல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு சர்வே எண்ணிலும் வீடு கட்டலாமா, கடை போடலாமா, ஆலை வைக்கலாமா, விவசாயத்துக்கே விட வேண்டுமா என்று அதுதான் சொல்கிறது. இதைத்தான் ஆங்கிலத்தில் ஜோனிங் என்கிறார்கள்.

சொல்லின் பிறப்பு கிரேக்கத்தில். ஸோனே என்றால் இடுப்பில் கட்டும் கச்சை. பூமி உருண்டையைச் சுற்றிக் கச்சை கட்டியதுபோல் வெப்பப் பட்டை, குளிர்ப் பட்டை என்று வகுத்தபோது இந்தச் சொல் நிலத்துக்கு வந்தது. நம் பள்ளிப் புத்தகத்தில் அது வெப்பமண்டலம், மிதவெப்பமண்டலம் என்று ஆயிற்று. இலங்கைத் தமிழர் இதற்கு வலயம் என்பார்கள்: கல்வி வலயம், சுதந்திர வர்த்தக வலயம். வலயம் என்றால் வளையம், கச்சைக்கு மிக நெருங்கிய சொல். எனக்கு அது பிடித்திருக்கிறது.

கச்சை நகரச் சட்டத்துக்குள் நுழைந்த கதை நீளமானது. நியூயார்க்கில் 1915-இல் 38 மாடியில் எழுந்த ஈக்விட்டபிள் கட்டடம் சுற்றுத் தெருக்களின் வெயிலையே மறைத்தது. அடுத்த ஆண்டு அந்த நகரம் கட்டடத்தின் உயரத்துக்கும் நிலத்தின் பயன்பாட்டுக்கும் விதி செய்தது. 1926-இல் ஒஹையோவின் யூக்ளிட் என்ற சிற்றூர் தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட விதி செல்லும் என்றது. இதற்கெல்லாம் முன்பே, 1885-இல், கலிபோர்னியாவின் மொடெஸ்டோ ஊர் சலவைக் கடைகளை ஒரு மூலைக்குள் அடைத்தது. கடைக்காரர்கள் சீனர்கள், உண்மைக் காரணம் அதுதான். எதை எங்கே வைப்பது என்ற கேள்வியோடு யாரை எங்கே வைப்பது என்ற கேள்வியும் சேர்ந்தேதான் வளர்ந்தது.

நமக்கும் இது புதிதல்ல. சிலப்பதிகாரத்துப் புகார் நகரம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என்று இரண்டாகக் கிடக்கிறது, நடுவே நாளங்காடி என்ற பகல்நேரச் சந்தை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர்களின் வரியில்லா நிலங்களைக் கணக்கிடும்போது ஊர்நத்தம் (குடியிருப்பு நிலம்), குளம், வாய்க்கால், கம்மாணச்சேரி (கைவினைஞர் குடியிருப்பு), பறைச்சேரி, சுடுகாடு என்று தனித்தனியாக வரும். அந்த வரிசையைப் படிக்கும்போதெல்லாம் மனசு கனத்துப் போகிறது. குளத்துக்கும் வாய்க்காலுக்கும் இடம் ஒதுக்கிய அதே கை மனிதர்களையும் சாதிவாரியாக ஒதுக்கியிருக்கிறது. அதில் உள்ள நத்தம் இன்றும் வருவாய்த்துறைப் பதிவேட்டில் உயிரோடு இருக்கிறது. (பட்டாவில் புஞ்சை என்று இருப்பதை ஜோன் என்று நினைத்துக் கொள்கிறவர்கள் உண்டு. அது வருவாய் வகைப்பாடு, முழுமைத் திட்டத்தின் வகைப்பாடு வேறு. இரண்டையும் பார்க்க வேண்டும்.)

சரி, சரியான தமிழ் எது? மாநகராட்சி ஜோனுக்கு மண்டலம் மிகப் பொருத்தம். சோழமண்டலம், தொண்டைமண்டலம், கொங்குமண்டலம் என்று ஆட்சிப் பரப்புக்கே வழங்கிய சொல் அது. கோரமண்டல் என்ற கடற்கரைப் பெயரும் சோழமண்டலம் திரிந்ததுதான். ஆனால் நிலப் பயன்பாட்டு ஜோனையும் மண்டலம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. மண்டலம் என்றால் தொடர்ந்து கிடக்கும் ஒரு பரப்பு. வணிகப் பயன்பாடோ பிரதான சாலையோரம் ஒரு துண்டு, அடுத்த பேட்டையில் ஒரு துண்டு என்று சிதறிக் கிடக்கும். அரசு விளம்பரங்களில் ஏற்கெனவே 'நில உபயோகம்' என்று இருக்கிறது. அதையே நிலப் பயன்பாடு என்று எழுதினால் போதும். ஜோனிங் என்பது நிலப் பயன்பாட்டு வகைப்பாடு. ரீகிளாசிஃபிகேஷன் என்பது நிலப் பயன்பாட்டு மாற்றம். சொல்லிலேயே வேலை தெரிகிறது.

அமெரிக்கச் செய்திகளை மொழிபெயர்க்கும்போது இன்னொரு குழப்பம் வருகிறது. அங்கே பல ஊர்களில் நகர மன்றமே கூடி, மக்கள் பேசக் கேட்டு, வாக்கெடுத்து ஒரு நிலத்தின் வகையை மாற்றும். தமிழ்நாட்டில் 1971-ஆம் ஆண்டின் நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டப்படி அந்த அதிகாரம் திட்டக் குழுமங்களிடமும் அரசிடமும் இருக்கிறது. அரசமைப்பின் 12-ஆவது அட்டவணை நகராட்சிகளுக்கென்று பட்டியலிட்ட 18 பணிகளில் முதலாவது நகரத் திட்டமிடல், இரண்டாவது நிலப் பயன்பாட்டை ஒழுங்குபடுத்துதல். காகிதத்தில் முதலிடத்தில் இருப்பது நம் கவுன்சிலர் கைக்கு இன்னும் வரவில்லை. பெரிய மனைப்பிரிவுகளில் சாலை போக 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாகத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். பூங்கா அமைக்க நிதி ஒதுக்குவது அதற்கப்புறம்தான் மன்றத்துக்கு வரும்.

அதனால் நாளிதழின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் 'நில உபயோக மாற்றம்' என்று அறிவிப்பு வந்தால் தாண்டிப் போய்விடாதீர்கள். சர்வே எண், கிராமத்தின் பெயர், எதிலிருந்து எதற்கு மாறுகிறது, ஆட்சேபணை சொல்லக் கடைசி நாள் எது, எல்லாம் அதில் இருக்கும். நம் தெருப் பக்கத்துக் கிராமத்தின் பெயர் கண்ணில் பட்டால், வீட்டுப் பத்திரத்தை எடுத்துச் சர்வே எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள்.