ரான்ச் ஹவுஸ்: பண்ணை வீடா, தாழ்வார வீடா?

ரான்ச் ஹவுஸ் என்பதற்குத் தமிழில் பொருள் தேடினால் முதலில் கையில் கிடைப்பது 'பண்ணை வீடு'. ரான்ச் என்றால் கால்நடைப் பண்ணை, ஹவுஸ் என்றால் வீடு, இரண்டையும் கூட்டிவிட்டார்கள். ஆனால் மதுரையில் யாரிடமாவது பண்ணை வீடு என்று சொல்லிப் பாருங்கள். அழகர்கோயில் சாலையிலோ நத்தம் சாலையிலோ தென்னையும் மாவும் வைத்து, காம்பவுண்டு சுவர் எழுப்பி, சனி ஞாயிறு வந்து தங்குவதற்காக வசதியானவர்கள் கட்டியிருக்கும் வீடுதான் அவர்கள் நினைவுக்கு வரும். மூன்று சென்ட் மனை வாங்கி, வங்கிக் கடனில் சிறிதாக ஒரு வீடு கட்ட நினைக்கும் இளம் தம்பதிக்கு அந்தச் சொல் எந்த வகையிலும் உதவாது. வீட்டு வரைபடம் தேடும்போது ரான்ச் ஹவுஸ் என்ற பெயரில் கண்ணில் படுபவை பெரும்பாலும் இவர்களைப் போன்றவர்களுக்காகப் போடப்பட்டவை. மொழிபெயர்ப்பு சரியில்லாததால் அவை தங்களுக்கு ஆகாது என்று கடந்துபோய்விடுகிறார்கள். இந்தச் சொல்லைப் பற்றி எழுத அதுவே போதுமான காரணம்.

முதலில் பொருள். ரான்ச் ஹவுஸ் என்பது ஒரே தளத்தில், நீளவாக்கில் பரவிக் கிடக்கும் தனி வீடு. கூரை தாழ்வாகவும் சரிவு குறைவாகவும் இருக்கும். கூரையின் ஓரமான எரவாணம் சுவரைத் தாண்டி நன்றாக வெளியே நீண்டு நிழல் தரும். உள்ளே தடுப்புச் சுவர்கள் குறைவு. கூடமும் சாப்பிடும் இடமும் அடுப்படியும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். பின்பக்கம் பெரிய கதவு வழியாகத் திறந்த முற்றத்துக்குப் போகலாம். மேலிருந்து பார்த்தால் நீள்சதுரமாகவோ, 'ட' வடிவிலோ, 'ப' வடிவிலோ தெரியும். இதில் மாட்டுக்கோ வயலுக்கோ வேலையே இல்லை. நகரத்து நடுவிலும் ரான்ச் ஹவுஸ் இருக்கலாம். அமெரிக்காவில் பெரும்பாலானவை புறநகர்த் தெருக்களில்தான் இருக்கின்றன.

அப்படியென்றால் ரான்ச் என்ற பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது? ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் ஸ்பானிய மொழியின் 'ராஞ்சோ'விலிருந்து வந்தது. ஸ்பானியத்தில் படைவீரர்கள் ஓரிடத்தில் இறங்கித் தங்குவதைக் குறித்த வினைச்சொல் அதன் அடியில் இருக்கிறது. ராஞ்சோ என்பதற்குப் பலருக்குச் சேர்த்துச் சமைக்கும் சாப்பாடு என்ற பொருளும் உண்டு. இன்னும் பின்னால் போனால் பிரெஞ்சில் 'வரிசை' என்று பொருள்படும் சொல்லில் போய் முடிகிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாங்கும் ராங்க்கும், காட்டிலாகாவின் ரேஞ்சும் அதே குடும்பத்துச் சொற்கள்தான். வரிசையாக நின்ற படை, வரிசையாகத் தங்கிய கூடாரம், பிறகு குடிசைக் கூட்டம், அதற்கும் பிறகு ஸ்பானியர்கள் குடியேறிய அமெரிக்க நிலங்களில் கால்நடை வளர்க்கும் பெரிய நிலம் என்று பொருள் மெல்ல நகர்ந்து வந்திருக்கிறது.

இந்த நகர்வு நமக்குப் புதிதில்லை. பாளையம் என்றால் படை இறங்கித் தங்கும் இடம். மதுரை நாயக்கர் ஆட்சியில் 72 பாளையங்களாக நாடு பிரிக்கப்பட்டபோது அது ஆட்சிப் பகுதியைக் குறிக்கும் சொல்லானது. பிறகு ஊர்ப்பெயர்களின் கடைசியில் நிலைத்துவிட்டது. பட்டியும் அப்படித்தான். ஆடுமாடுகளை அடைக்கும் இடத்துக்குப் பட்டி என்று பெயர். ஆட்டுப்பட்டி என்று இன்றும் சொல்கிறோம். அதுவே சிற்றூருக்கும் பெயரானது. உசிலம்பட்டி, வாடிப்பட்டி, கொட்டாம்பட்டி என்று மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் ஒரு பட்டி வந்துவிடும். வாடிப்பட்டியில் குடியிருப்பவர் மாட்டுக் கொட்டிலில் இருக்கிறார் என்று யாரும் நினைப்பதில்லை. ரான்ச் ஹவுஸில் உள்ள ரான்ச்சையும் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அது வந்த வழியைச் சொல்லும் பெயர், இப்போதைய பொருளைச் சொல்லும் பெயர் அல்ல.

வடிவம் வந்த வழி இன்னும் சுவையானது. ஸ்பானியர் காலத்துக் கலிஃபோர்னியாவில், வெயிலில் காயவைத்த பச்சை மண் கற்களால் ஒரே தள வீடுகள் கட்டினார்கள். அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக இருக்கும். எல்லா அறைக் கதவுகளும் ஒரு நீண்ட, கூரை போட்ட திறந்த நடைக்குத் திறக்கும். அந்த நடைக்கு அவர்கள் வைத்த பெயர் 'கொர்ரெதோர்'. மழையும் சுடும் வெயிலும் அறைக்குள் நேராக வராமல் தடுத்ததும், வீட்டார் பகல் முழுக்கப் புழங்கியதும் அதில்தான். 1930களின் தொடக்கத்தில் சான் டியேகோ நகரில் கிளிஃப் மே என்பவர் இந்தப் பழைய வடிவத்தை எடுத்து நடுத்தர வர்க்கத்துக்கான வீடாக மாற்றினார். அவர் கட்டடக்கலை படித்தவர் அல்லர், மரச்சாமான் செய்துவந்தவர். பண்ணைகளில் இருந்த பழைய வீடுகளின் சாயல் என்பதால் ரான்ச் என்ற பெயர் நின்றுவிட்டது.

அது அமெரிக்கா முழுக்கப் பரவியதற்கு இரண்டாம் உலகப் போர் முக்கியமான காரணம். போரிலிருந்து திரும்பிய வீரர்களின் வீட்டுக்கடனுக்கு அரசே உத்தரவாதம் தரும் சட்டம் 1944இல் வந்தது. புதிதாகக் கல்யாணமான, கைக்குழந்தை வைத்திருந்த லட்சக்கணக்கான குடும்பங்கள் ஒரே நேரத்தில் வீடு தேடின. நியூயார்க்குக்குப் பக்கத்தில் லெவிட்டவுன் என்ற குடியிருப்பில் 1949இல் விற்பனைக்கு வந்த ரான்ச் வீட்டின் அளவு 32 அடிக்கு 25 அடி. விலை 7,990 டாலர். படைவீரர் தங்குமிடத்தைக் குறித்த ஒரு சொல், பல நூற்றாண்டுகள் சுற்றிவிட்டுப் படைவீரர் குடும்பத்து வீட்டிலேயே வந்து சேர்ந்தது.

அந்த அளவை நம் கணக்கில் வைத்துப் பாருங்கள். 32க்கு 25 என்றால் 800 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆக வீடு இரண்டு சென்ட்டுக்குள் அடங்கிவிடுகிறது. நம் மாநில அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் கட்டும் வீடு 360 சதுர அடி, அதற்கு அரசு தருவது மூன்றரை லட்சம் ரூபாய். அந்த அளவுக்கும், இரண்டு மாடி வைத்துக் கடனில் மூழ்கும் அளவுக்கும் நடுவில் ஓர் இளம் குடும்பம் நிற்கும் இடம் இந்த 800, 900 சதுர அடிதான். அந்த இடத்துக்குப் பொருந்தும் வடிவத்துக்குத் தமிழில் ஒரு நல்ல பெயர் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

பெயர் தேடும்போது பங்களாவைச் சிலர் சொல்லக்கூடும். வங்காளத்து ஒரே தள வீட்டின் பெயர்தான் அது. முகப்பில் வராண்டா, சரிந்த கூரை எல்லாம் உண்டு. மூலப் பொருளை மட்டும் பார்த்தால் ரான்ச் ஹவுஸுக்கு அக்கா முறை என்றே சொல்லலாம். ஆனால் தமிழில் பங்களா எப்போதோ கலெக்டர் வீடாகவும் பணக்காரர் வீடாகவும் மாறிவிட்டது. பண்ணை வீட்டில் உள்ள அதே சிக்கல்.

'ஒருதள வீடு' என்பது பிழையில்லாத சொல். அரசு ஆவணத்திலும் வரைபடத்திலும் இதையே எழுதலாம். ஆனால் நான்கு சுவரும் தட்டையான கான்கிரீட்டும் உள்ள பெட்டி போன்ற வீடும் ஒருதள வீடுதான். ரான்ச்சுக்கு உரிய நீண்ட எரவாணம், திறந்த நடை, முற்றத்தோடு சேர்ந்த புழக்கம் எதையும் அந்தச் சொல் காட்டுவதில்லை.

'ஒருநிலை வீடு' எனக்கு மிகவும் பிடித்த சொல். மாடிக்கு நிலை என்பது நம் பழைய வழக்கு. முல்லைப்பாட்டில் எழுநிலை மாடம் வருகிறது. மீனாட்சியம்மன் கோயிலின் வெளிக் கோபுரங்களை ஒன்பது நிலைக் கோபுரம் என்று இன்றும் சொல்கிறோம். ஆனால் வீடு கட்டும் இடத்தில் நிலை என்றால் வாசற்கால். நிலை வைப்பதற்கு நாள் பார்க்கிறோம், மஞ்சள் குங்குமம் வைக்கிறோம். ஒருநிலை வீடு என்றால் "ஒரே ஒரு நிலைதானா? ரூமுக்கெல்லாம் வேண்டாமா அண்ணே?" என்று ஆசாரி கேட்பார், அவர் கேட்பதும் நியாயமே. கோபுரத்துக்குப் பொருந்துகிற சொல் மனையில் இறங்கியதும் தடுமாறுகிறது.

அதனால் நான் பரிந்துரைப்பது 'தாழ்வார வீடு'. வாரம் என்றால் சரிவு, பக்கம். மலையின் அடிச்சரிவு அடிவாரம் ஆவதுபோல, தாழ்ந்து சரிந்த கூரையும் அதன் கீழுள்ள இடமும் தாழ்வாரம். தாழ்ந்த கூரை, வெளியே நீளும் நிழல், அறைகளை வரிசையாக இணைக்கும் நடை என்று ரான்ச் ஹவுஸின் மூன்று அடையாளங்களும் இந்த ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. கலிஃபோர்னியாவின் கொர்ரெதோரும் நம் தாழ்வாரமும் செய்கிற வேலை ஒன்றே. வீட்டின் மற்றப் பகுதிகளுக்கும் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. நடுக் கூடம் பட்டாசாலை, சமையல் இடம் அடுப்படி, பின்பக்கம் கொல்லை, கூரையின் ஓரம் எரவாணம். எரவாணத்துக்கு எழுத்து வழக்கில் இறவாணம் என்பார்கள். பேச்சில் வருவதையே எழுதினாலும் குறையில்லை.

சரி, சொல் கிடைத்தது. மதுரை மண்ணில் தாழ்வார வீடு எப்படி நிற்கும்? அமெரிக்க ரான்ச் வீடுகள் பல, தரையை ஒட்டிப் போட்ட கான்கிரீட் பலகைமேல் நிற்பவை, வாசற்படியே இருக்காது. அதை அப்படியே இங்கே எடுக்க முடியாது. மேலூர்ப் பக்கத்துச் செம்மண் ஓரளவு தாங்கும். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் கரிசல். ஈரத்தில் பொங்கி, வெயிலில் சுருங்கிப் பிளக்கும் மண் அது. ஆழம் போதாத அஸ்திவாரத்தைப் பிடித்து ஆட்டிவிடும். அஸ்திவாரத்துக்கு எவ்வளவு ஆழம் என்பதை மண்ணைப் பார்த்துப் பொறியாளர் சொல்ல வேண்டும். பேஸ்மட்டத்தையும் தெருவைவிட இரண்டு மூன்று அடி உயர்த்தித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் நம் தெருக்கள் ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் உயர்ந்துகொண்டே போகின்றன.

செலவைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. மாடி இல்லை என்பதால் மட்டும் வீடு மலிவாகிவிடாது. 900 சதுர அடியை ஒரே தளத்தில் கட்டினால் அஸ்திவாரமும் கூரையும் 900 சதுர அடிக்கு வேண்டும். அதையே இரண்டு தளமாகப் பிரித்தால் 450க்குப் போதும். தாழ்வார வீட்டில் மிச்சமாவது வேறு இடத்தில். மாடிப்படி தின்னும் இடமும் செலவும் இல்லை. மேலே எதுவும் வராது என்று உறுதியாக முடிவெடுத்தால், நல்ல மண்ணில் பில்லர் இல்லாமல் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரே கூரையைத் தாங்கும். 'பின்னால் மாடி எடுப்போம்' என்று பில்லருக்குக் கொட்டிவிட்டு, பல வருடம் கம்பி துருப்பிடித்து நிற்கும் மொட்டை மாடிகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்கு இன்னோர் அறை கிடைத்திருக்கும்.

வடிவத்திலும் பணம் இருக்கிறது. 25க்கு 36 அடி நீள்சதுரம் 900 சதுர அடி. வெளிச்சுவரின் சுற்றளவு 122 அடி. அதே 900 சதுர அடியை 'ட' வடிவில், 36க்கு 32 அடி நீள்சதுரத்தில் ஒரு மூலையை 21க்கு 12 அடி விட்டுக் கட்டினால் சுற்றளவு 136 அடி. 14 அடி நீளச் சுவர் கூடுதல். பத்தடி உயரம் என்றால் 140 சதுர அடிச் சுவர், அதற்கான பூச்சு, அதன் கீழ் அஸ்திவாரம். கையில் பணம் குறைவு என்றால் நேரான நீள்சதுரமே போதும். அதன் ஒரு பக்கம் முழுக்கத் தாழ்வாரம் இறக்கிக்கொள்ளலாம். கொஞ்சம் கூடுதலாக முடியும் என்றால் 'ட' வடிவம். விட்ட மூலை முற்றமாகும், அடுப்படியில் நின்றபடியே குழந்தை விளையாடுவதைப் பார்க்கலாம். அடுப்படியும் குளியலறையும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டால் குழாய்ச் செலவும் குறையும்.

வெயில்தான் பெரிய விஷயம். கத்திரியில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊர் இது. ஒரே தளம் என்றால் ஒவ்வோர் அறைக்கும் மேலே நேராகச் சூரியன். நீளமான பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கும்படி வீட்டை வைத்து, மேற்கே குளியலறை, சாமான் அறை போன்றவற்றைத் தள்ளினால் சாயங்காலச் சூடு படுக்கையறைக்கு வராது. கான்கிரீட்டின்மேல் தட்டு ஓடு பதிக்கலாம்; அதற்கு முடியாவிட்டால் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே வித்தியாசம் தெரியும். தாழ்வாரத்துக்கு மட்டும் சீமை ஓடு போடுவது எனக்கு உகந்ததாகப் படுகிறது. மங்களூரில் 1865இல் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு தொடங்கிய ஆலையிலிருந்து பரவிய ஓடு அது. ஆனால் ஓட்டுக் கூரை இங்கே அதைவிட மிகப் பழையது. கீழடி அகழாய்விலேயே கூரை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. அழகர்மலைப் பக்கம் கட்டுபவர்கள் மட்டும் குரங்குகளை நினைத்துக்கொண்டு முடிவு செய்யட்டும். அவை ஓட்டைப் பிரித்துப் போட்டுவிடும்.

மனை குறுகலாக இருந்தால், அதாவது 20 அடி முகப்பும் 60 அடி நீளமும் என்றால், ரான்ச் வீட்டைப் போல நீளப் பக்கத்தைத் தெருவுக்குக் காட்ட முடியாது. அப்போது வீட்டை அப்படியே திருப்பி, பக்கவாட்டு இடைவெளியையே தாழ்வாரமாக்கிக்கொள்ள வேண்டும். அறைகள் அதற்கு வரிசையாகத் திறக்கும். இதையும் தாழ்வார வீடு என்றே சொல்லலாம். தெருவில் நின்று பார்ப்பவருக்கு ரான்ச் ஹவுஸாகத் தெரியாவிட்டாலும், அறைகள் அமைந்த முறை அதுதான். கொத்தனாரிடம் சொல்லும்போது "கீழ் வீடு மட்டும், மாடி கிடையாது, தெற்கே முழு நீளத்துக்கும் ஆறடித் தாழ்வாரம்" என்று சொல்லிவிட்டால் அவருக்கு முழுப் படமும் புரிந்துவிடும்.